உப்பிட்டவர் யார்?

என் அண்ணி ஐந்து ஆண்டுகள் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தார். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மகளிர் குழுவில் பத்து வருடம் கணக்கு எழுதியவர் அண்ணி. வங்கி மேலாளரிடம் நின்று பேசத் தெரிந்தவர். ஊரில் அவரை நிற்கச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் செலவு? போஸ்டர், வண்டி, ஆட்களுக்குச் சாப்பாடு, கடைசி இரண்டு இரவுகளில் வீடு வீடாகப் போகும் கவர். அண்ணன் டிராக்டர் ஓட்டிச் சம்பாதிப்பதில் இதற்கெல்லாம் வழியில்லை. அந்த வட்டாரத்தில் மண் எடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். "திருப்பித் தர வேணாம் தங்கச்சி, நீங்க ஜெயிச்சா போதும்" என்றாராம்.

இரண்டாம் வருடம் அவர் வந்தார். ஏரியில் மண் எடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு தீர்மானம் வேண்டும். குழுப் பெண்கள் வேண்டாம் என்றார்கள். ஏற்கெனவே தோண்டிய பள்ளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. துணி துவைக்கப் போகிறவர்களும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் அந்தப் பக்கம்தான் போகவேண்டும். அண்ணி கையெழுத்துப் போட்டார். அன்று இரவு எனக்குப் போன் செய்தார்.

"அது லஞ்சம் அண்ணி" என்றேன். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறவள். அந்தச் சொல் சட்டென்று வந்துவிட்டது.

"லஞ்சம்னா, நான் வாங்கி பீரோவுல வச்சுகிட்டேனா? எனக்காகச் செலவு பண்ணாரு. நீ படிச்சவ, நீயே சொல்லு. அவரு காசுல ஜெயிச்சுட்டு, அவரு வந்து நிக்கும்போது முகத்துல அடிச்ச மாதிரி இல்லேன்னா, நான் மனுஷியா?"

எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தேர்தலில் பணம் என்றதும் நாம் பேராசையைப் பற்றிப் பேசுகிறோம். அண்ணியிடம் நான் பார்த்தது பேராசை அல்ல, நன்றி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்த்த பெண் அவர். நன்றி கெட்டவள் என்ற பேர் ஒரு பெண்ணுக்கு வந்தால் அதன்பின் அவளுக்கு வேறு பேர் இல்லை. புகுந்த வீட்டுக்கு நன்றி, படிக்க வைத்த அப்பாவுக்கு நன்றி, வேலைக்கு அனுப்பும் கணவனுக்கு நன்றி என்று நம் வாழ்க்கையே ஒரு நன்றிக் கணக்கு. அந்தப் பெண்ணிடம் போய், பொதுப் பதவிக்கு வந்துவிட்டாய், இனி நன்றியை மறந்துவிடு என்று சொல்வது எளிது. அவளுடைய அளவுகோலில் அது, கெட்டவளாகிவிடு என்று சொல்வதற்குச் சமம்.

செஞ்சோற்றுக்கடனை நம் மரபு கொண்டாடியிருக்கிறது. கர்ணனை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கடனுக்கு விலை கொடுத்தவள் சபையில் நின்ற திரௌபதி. பீஷ்மரைப் பற்றியும் ஒரு கதை வழங்குகிறது. அம்புப் படுக்கையில் கிடந்து அவர் தர்மம் உபதேசிக்கும்போது திரௌபதி சிரித்தாளாம். அன்று சபையில் இந்தத் தர்மம் எங்கே போயிற்று என்று அவள் கேட்டதற்கு, அப்போது என் உடம்பில் ஓடியது துரியோதனன் போட்ட சோற்றின் ரத்தம் என்றாராம் அவர். நான் இந்தக் கதையைச் சிறு வயதில் பீஷ்மரின் பெருந்தன்மைக்கு உதாரணமாகக் கேட்டேன். இப்போது அதில் வேறொன்று கேட்கிறது. பீஷ்மர் தன் கடனைத் தன் கையிலிருந்து தீர்க்கவில்லை; திரௌபதியின் மானத்திலிருந்து தீர்த்தார். அண்ணியும் கான்ட்ராக்டருக்குப் பட்ட கடனைத் தன் நகையை விற்றுத் தீர்க்கவில்லை. ஊர் ஏரியைக் கொடுத்துத் தீர்த்தார். தவறு நன்றியில் இல்லை. தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்து அதைத் தீர்க்கும் இடத்தில் ஒருத்தியைக் கொண்டுபோய் நிறுத்தும் ஏற்பாட்டில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை மாற்ற முடியுமா என்று யோசித்தபோது, வகுப்புக்காக எப்போதோ குறித்து வைத்திருந்த மெய்ன் மாநிலம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சிறிய மாநிலம். அங்கே போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்ட வரைவை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 1995 நவம்பர் தேர்தல் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வாக்குச்சாவடிகளில் நின்று ஒரே நாளில் தேவையான கையெழுத்துகளைத் திரட்டினார்கள். பெண் வாக்காளர் சங்கம், தொழிற்சங்கங்கள், முதியோர் அமைப்பு என்று பலரும் அந்தக் கூட்டணியில் இருந்தார்கள். 1996இல் அது சட்டமானது. 'தூய தேர்தல் சட்டம்' என்று பெயர்.

அதன் செயல்முறை மிக எளிது. தொடக்கச் செலவுக்கு ஒரு சிறு தொகை திரட்ட மட்டும் அனுமதி உண்டு. பிறகு வேட்பாளர் தன் தொகுதி வாக்காளர்களிடம் போய் ஆளுக்கு 5 டாலர் கேட்க வேண்டும். 2000இல் முதன்முறை நடைமுறைக்கு வந்தபோது, மாநிலக் கீழவைக்கு நிற்பவருக்கு 50 பேர் கொடுத்தால் போதும். மேலவைக்கு 150 பேர். அந்த 5 டாலர் வேட்பாளரின் கைக்கு வராது, பொது நிதிக்குப் போகும். அத்தனை பேரின் ஆதரவு உண்டு என்று தெரிந்ததும், பிரச்சாரச் செலவுக்கான தொகை அந்தப் பொது நிதியிலிருந்து வரும். அதன்பின் தனியாரிடம் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. விரும்பினால் இந்த வழி. விரும்பாதவர்கள் பழைய வழியில் நிற்கலாம்.

நன்றியை மறக்கச் சொல்லும் சட்டம் இல்லை இது. நன்றி யாருக்கு என்பதை மாற்றும் சட்டம். உப்பிட்டவர் ஒருவராக இருந்தால் அவர் வீட்டு வாசலுக்கு வருவார். உப்பிட்டவர் ஊராக இருந்தால் ஊருக்குத்தான் கடன்.

அந்த 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆபர்ன் நகரிலிருந்து டெபோரா சிம்ப்சன் என்பவர் வென்றார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர், தனியாகக் குழந்தை வளர்த்தவர். பணக்காரர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு போன் செய்து நிதி கேட்கும் அரசியலில் அவருக்கு இடமே இருந்திருக்காது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி 5 டாலர் கேட்கும் அரசியலில் இருந்தது. 2008 தேர்தலுக்குப் பின் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இந்த வழியில் வந்தவர்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. எனக்குப் பிடிக்காத ஒருத்தரின் போஸ்டருக்கு என் வரிப்பணமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் போஸ்டருக்கு நாம் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுக்கிறார். அவர் அதை நம் ஏரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார். எப்படியும் கொடுக்கப்போவது நாம்தான். முதலில் கொடுப்பதா, கடைசியில் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. இன்னொரு எதிர்ப்பு கருத்துச் சுதந்திரத்தின் பேரில் வந்தது. தேர்தலில் செலவழிப்பதும் ஒருவகைப் பேச்சு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது. அரிசோனா மாநிலமும் 1998இல் மெய்னைப் போலவே ஒரு சட்டம் கொண்டுவந்தது; 2002இல் ஜேனட் நபோலிடானோ அந்த நிதியில் நின்று ஆளுநரானார். எதிராளி தன் பணத்தைக் கொட்டினால் பொது நிதி வேட்பாளருக்குக் கூடுதல் தொகை தரும் பிரிவு அதில் இருந்தது. 2011இல் அந்தப் பிரிவை நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. நீதிபதி எலினா கேகன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பணக்காரரின் பேச்சைக் குறைக்காமல் மற்றவருக்கும் குரல் கொடுப்பது எப்படிப் பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். மெய்னிலும் அதே பிரிவு செல்லாமல் போனது. மக்கள் மறுபடி கையெழுத்து வாங்கப் போனார்கள். கூடுதல் தொகை வேண்டுமென்றால் வேட்பாளர் கூடுதலாக 5 டாலர்கள் திரட்ட வேண்டும் என்று மாற்றி, 2015இல் மீண்டும் வாக்கெடுப்பில் வென்றார்கள்.

இந்த வேலையில் வெற்றி நிலைக்காது என்பதை டோரிஸ் ஹேடாக் என்ற பாட்டி அறிந்திருப்பார். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த அவர், தேர்தல் நிதிச் சீர்திருத்தம் கேட்டு 1999 ஜனவரி முதல் நாள் கலிபோர்னியாவில் நடக்கத் தொடங்கினார். அப்போது வயது 88. மூட்டுவலியோடும் நுரையீரல் நோயோடும் சுமார் 3,200 மைல் நடந்து, பனி கொட்டிய இடத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, 2000 பிப்ரவரி 29 அன்று வாஷிங்டன் சேர்ந்தபோது 90 வயது. 2002இல் ஒரு சட்டம் வந்தது. அதன் முக்கியமான ஒரு பகுதியை 2010 ஜனவரியில் நீதிமன்றம் நீக்கியது. மார்ச்சில், 100 வயதில், அவர் இறந்தார்.

நம் நாட்டில் தேர்தல் பத்திரங்களை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்ற அந்தத் தீர்ப்பு வர, குடிமக்கள் அமைப்புகள் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கு நடத்தின. நானும் மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் ஊரை நினைத்தால் அது பாதி வழிதான். அண்ணிக்கு யார் செலவு செய்தார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அண்ணியின் கடன் தீர்ந்துவிடவில்லை. வெளிப்படை என்பது கடனைக் காட்டும், கடனாளியை விடுவிக்காது. இந்தியாவிலும் அரசு நிதி பற்றி 1998இலேயே இந்திரஜித் குப்தா குழு ஓரளவுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். அண்ணியைப் போல் கட்சிச் சின்னமில்லாமல் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் பெண் அதில் எங்கே வருவாள்?

பொது நிதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. தலைவர் நாற்காலியில் பல நாள் என் அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சாதிக்கும் குடும்பத்துக்கும் பட்ட கடனை 5 டாலர் தீர்க்காது. ஆனால் ஒரு பெண்ணின் மேல் உள்ள கடன்களில் சட்டத்தால் தொடக்கூடிய கடன் இது ஒன்று.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த பிறகு, பொங்கலுக்குப் போயிருந்தபோது அண்ணியிடம் மெய்ன் கதையைச் சொன்னேன். மாவு சலித்தபடி கேட்டார்.

"அஞ்சு டாலர் நம்ம காசுக்கு எவ்வளவு?"

"நானூறு சொச்சம்."

"குழுவுல இருக்கவங்க ஆளுக்கு நூறு ரூபா போட்டிருந்தாக்கூட, அவரு வந்து கேட்டப்ப எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். இது அவங்க போட்ட காசுன்னு." சற்று நேரம் சலித்துவிட்டு, "நான்தான் அவங்ககிட்ட கேக்கவே இல்லையே" என்றார்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா தெரியாது. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் நான் கொடுத்திருக்க முடியும். செலவுக்கு யாரிடம் போகப்போகிறார் என்று அண்ணி ஒருமுறை போனில் சொன்னபோது, பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஓட்டுப் போட ஊருக்குப் போனேன். லஞ்சம் என்று சொல்ல மட்டும் என்னிடம் சொல் தயாராக இருந்தது.