பிரேக்கும் பிராரப்தமும்

புதிதாக வாங்கிய காரையோ, பழுது பார்த்து வெளியே எடுத்த பழைய காரையோ, பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்க் கற்பக விநாயகர் சந்நிதிக்கு எதிரே நிறுத்தி, மாலை சாத்தி, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே சாலையில் ஓட்டத் தொடங்குவது எங்கள் செட்டிநாட்டில் வழிவழி வந்த பழக்கம். இதை மூடபக்தி என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் சக்திக்கு மேற்பட்ட ஒரு வேகத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் மனிதன் அதற்கு முன் ஒருமுறை தலை குனிவது தகுதியான செயலே. ஆனால் அதே கார் சில வருஷங்கள் ஓடித் தேய்ந்து, பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தினால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்த பின்பும், "பிரேக்கைக் கழற்றிப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டால், "நம் கையில் என்ன இருக்கிறது, பிராரப்தம் எப்படியோ அப்படி" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்புகிறவர்களை நான் பல காலமாகப் பார்த்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், பக்திமான்கள். ஆகையால்தான் இந்தப் பதிலை அலட்சியத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல், இதற்குள் இருக்கும் தத்துவத்தை ஆராய வேண்டும் என்று தோன்றுகிறது. ஈசுவரனை நம்புகிறவன் தன் வண்டியின் பிரேக்கைத் தானே முழங்காலிட்டுப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவா?

மனிதப் பிரயத்தனத்துக்கும் தெய்வ கிருபைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த விவாதங்களில் மிகவும் நுட்பமானது வைணவ ஆசாரியர்களுடையது. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல ஜீவன் தன் பங்குக்கு ஒரு முயற்சியாவது செய்ய வேண்டும் என்பது வேதாந்த தேசிகரை முதன்மையாகக் கொண்ட வடகலையார் கொள்கை. தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைப் போல ஒன்றும் செய்யாமல் கிடந்தாலே போதும் என்பது பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார் கொள்கை. செட்டிநாடு சைவப் பூமிதான் என்றாலும், விதியைச் சொல்லிச் சும்மா இருப்பவர்கள், தங்களை அறியாமலே, இந்த இரண்டாவது பக்ஷத்தின் நிழலில் ஒதுங்க நினைக்கிறார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. இரண்டு நியாயங்களிலும் பேசப்படுவது குட்டியின் நிலை. சரணாகதி செய்கிறவன் ஒப்படைப்பது தன்னைத்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தவனோ, அந்தச் சாலையில் அந்த வேளையில் குட்டியின் இடத்தில் இல்லை; அவன் இருப்பது தாயின் இடத்தில். பின் இருக்கையில் தூங்கும் குழந்தை, சாலையோரம் சைக்கிள் தள்ளிப் போகும் கிழவர், எதிரே வரும் டவுன் பஸ்ஸின் படியில் நிற்கும் பையன் ஆகிய இத்தனை ஜீவன்களை வாயில் கவ்வியிருப்பவன் அவன். என் உயிரை இறைவனிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை உண்டு. பிறன் உயிரை, அவனைக் கேட்காமல், அவன் சார்பில் ஒப்படைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதை எங்கள் பக்கத்தார் உணர்வதற்குத் தை மாதத்தைக் காட்டிலும் பொருத்தமான காலம் வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று, வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும், காவடியோடும் வேலோடும் வெறுங்காலோடும் சாலை ஓரமாக நடக்கிறார்கள். முருகனை நினைத்து நடக்கும் அவர்கள், முதுகுப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும், அதை ஓட்டுகிறவனின் முகத்தைப் பாராமலே நம்புகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை பழனியாண்டவனிடம் என்று சொல்வது உண்மைதான்; ஆயினும் அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி, அவர்கள் அறியாமலே, யாரோ ஒருவருடைய காரின் சக்கரத்துக்குள் இருக்கும் விரற்கடை அகல ரப்பர் கப் ஒன்றின் மேல் விழுந்திருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்குள் பதினாறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

அந்தச் சக்கரத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் ஊர் வீடுகளில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் அம்பாஸிடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை மூலமாகக் கொண்டு வந்து, 2014-ல் வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்ற வண்டி அது. சுமார் 1,100 கிலோ எடையுள்ள அது 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது தன்னுள் கொண்டிருக்கும் இயக்க சக்தி ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஜூல். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான உஷ்ணம். வண்டி நிற்க வேண்டுமானால் இவ்வளவும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். டிரம்மின் உள்சுவரில் லைனிங் உராயும் இடத்தில் அது உஷ்ணமாகிறது. வேகம் இரு மடங்கானால் இந்தச் சக்தி நான்கு மடங்காகிறது என்பதை வேகத்தில் இன்பம் காண்கிறவர்கள் நினைப்பதே இல்லை.

சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனத்த மரக்கட்டையும் முட்டுக்கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, டிரம்மை இழுத்தால், உள்ளே சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது சகஜமாகையால், வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ இதைப் பறக்கவிடுவது நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதே முறை. லைனிங்கை ஷூவோடு பிணைக்கும் ரிவெட்டின் தலை மேற்பரப்பை நெருங்கிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது வெளியே வந்தால் டிரம்மையே கீறிவிடும். பிறகு வீல் சிலிண்டரின் ஓரத்து ரப்பர் உறையைச் சிறிது தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே உலர்ந்திருந்தால் நிம்மதி. ஈரம் கசிந்திருந்தால், வெளியே ஒரு சொட்டும் விழாவிட்டாலும், உள்ளிருக்கும் கப் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

பிரேக் ஆயிலின் விஷயம் இன்னும் ஆழமானது. அது கிளைக்கால் இனத்துத் திரவம்; காற்றில் உள்ள ஈரத்தை நாளும் உறிஞ்சிக்கொள்வது அதன் சுபாவம். டாட் 3 என்ற தரத்தில் புதிய திரவம் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவனுடைய சக்கரத்தில் அந்த உஷ்ணம் எளிதில் சேரும், திரவம் ஆவியாகும், ஆவி அமுங்கும் தன்மையது, பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. சமவெளியில் வருஷக்கணக்காகக் குறை தெரியாமல் ஓடிய வண்டிதான் அது. உறிஞ்சிய அதே ஈரம் சிலிண்டரின் உட்சுவரில் துருவையும் உண்டாக்குகிறது. துரு என்பது யாரும் பாராத இடத்தில், யாரும் பாராத காலத்தில் நடக்கும் காரியம். எங்கள் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்கள் அரிக்கப்படுவதைப் பற்றி ஆராய்ந்து வருகிறது. ஒரு வேதாந்தி கையால் அது திறக்கப்பட்டது எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. குன்றக்குடி அடிகளார் அந்த நிலையத்து விஞ்ஞானிகளைத் தம் கிராமத்துக்கு அழைத்துவந்து தொழில்களை வளர்க்கச் செய்ததும் இங்கே நினைக்கத்தக்கது. திருமடத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஆராய்ச்சியும் உழைப்பும் அருளுக்குப் பகை என்று அவர் கருதவில்லை.

பெடலில் ஒரு பாதம் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் நான்கு சக்கரங்களுக்கும் போய்ச் சேர்வதற்குக் காரணமான விதியைக் கண்டவர் பாஸ்கல். 1623-ல் பிறந்து 1662-ல், முப்பத்தொன்பது வயதில் மறைந்த அந்தப் பிரெஞ்சுக்காரர், கணிதத்திலும் பௌதிகத்திலும் எவ்வளவு பெரியவரோ, இறைநம்பிக்கையிலும் அவ்வளவு பெரியவர். 1654 நவம்பர் 23 இரவில் தமக்கு நேர்ந்த தெய்வானுபவத்தை ஒரு தாளில் எழுதி, அங்கியின் உட்புறத்தில் தைத்துக்கொண்டு கடைசிவரை வாழ்ந்தவர். இறைவன் உண்டா இல்லையா என்று நிச்சயிக்க முடியாதவன் 'உண்டு' என்பதன் மேலேயே பந்தயம் வைப்பது புத்திசாலித்தனம் என்று அவர் செய்த வாதம் பிரசித்தமானது. அதில் பந்தயப் பொருளாக வைக்கப்படுவது வைக்கிறவனுடைய சொந்த வாழ்க்கை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தேய்ந்த பிரேக்கோடு சாலைக்கு வருகிறவனும் பந்தயம் வைக்கிறான்; ஆனால் அவன் வைக்கும் பொருள் அவனுடையதன்று.

அப்படியானால் ஒவ்வொருவரும் தம் கையாலேயே இதைச் செய்ய வேண்டுமா? இங்கே நம் சாஸ்திரங்கள் மிகவும் கண்டிப்பாகப் பேசும் அதிகாரி லக்ஷணம் நினைவுக்கு வர வேண்டும். கற்பதற்குரிய தகுதி இல்லாதவனுக்கு வேதாந்தமே விலக்கப்பட்டிருக்கும்போது, அரைகுறையாகக் கண்ட ஒருவன் வீல் சிலிண்டரைப் பிரிக்கத் துணிவது சுயசார்பு ஆகாது. திரவத்தின் அளவைப் பார்ப்பது, ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்ப்பது, லைனிங்கின் கனத்தை அறிவது ஆகியவை எவருக்கும் முடியும். டிரம்மைக் கடைசல் பிடிப்பதும் குழி விழுந்த சிலிண்டரைப் பற்றி முடிவு செய்வதும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கு உரியவை. இரண்டுக்கும் நடுவே திரவத்தை மாற்றிக் காற்றை வெளியேற்றும் வேலை இருக்கிறது. கற்றுக்கொண்டு செய்தால் இது வீட்டிலேயே நடக்கும், ஆனால் இரண்டு பேர் வேண்டும்.

எங்கள் வீட்டில் மகள் முன் இருக்கையில் உட்காருவாள். நான் சக்கரத்தடியில் படுத்திருப்பேன். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகவும் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். "அப்பச்சி, மிதிக்கவா?" என்பாள். "மிதி. அப்படியே பிடிச்சுக்க" என்று சொல்லி நிப்பிளைக் கால் திருகு திறந்தால், பெடல் உள்ளே இறங்க, கறுத்த திரவம் கண்ணாடிக் குழாய் வழியே குமிழிகளோடு போத்தலுக்குள் வரும். அதை மூடிய பிறகே "விடு" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்குள் அவள் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். குமிழி நின்று தெளிந்த திரவம் வரும்வரை, நடுவே மேல் டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே, இது நடக்கும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பி ஒழுகாமல் இந்த வேலை நடக்காது. முடிந்த பின், ஆளில்லாத இடத்தில் மிக மெதுவாக ஓட்டி, பல முறை நிறுத்திப் பார்க்காமல் பெரிய சாலைக்கு வண்டியைக் கொண்டு போவதில்லை என்பதை ஒரு விரதமாகவே நாங்கள் வைத்திருக்கிறோம்.

இந்த உழைப்புக்குப் பலன் என்ன? ஒன்றும் நடக்காமல் இருப்பதே பலன். நடக்காமற்போன விபத்துக்குச் சாட்சி கிடையாது. எந்தத் தையில் எந்த யாத்திரிகரின் உயிர் இதனால் தப்பியது என்று ஒருநாளும் நமக்குத் தெரியவராது. பலனில் பற்று வையாமல் கருமம் செய்யச் சொல்லும் கீதையின் உபதேசத்தை மனத்தளவில் ஏற்பது எளிது, வாழ்க்கையில் காண்பது அரிது என்பார்கள். பலனைக் கண்ணால் காணவே வழியில்லாத இந்த வேலை, அந்த உபதேசத்துக்கு மிகவும் அண்மையில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எல்லாம் செய்தும் விபத்து நேர்வதில்லையா என்று கேட்கலாம். நேரத்தான் செய்கிறது. சிரத்தையோடு ஓட்டியவனுக்கும் முன்பின் பாராமல் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் நிமிஷம் வரலாம். அங்கே பிராரப்தம் என்ற சொல்லுக்கு இடம் உண்டு. மகனை இழந்த தாய் அதைச் சொல்லி அழுதால் யாரும் மறுத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தத் தாய்க்கு உரிய ஆறுதலை, கப் கசிவது தெரிந்தும் ஒரு வருஷமாகக் கழற்றிப் பாராதவன் தனக்காக எடுத்துக்கொள்வதை எந்தத் தர்மமும் ஒப்பாது.

வேலைக்குரிய காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு ஸ்பானருக்குச் சந்தனம் பூசி ஓய்வு கொடுக்கிறோம். அதற்கடுத்த வாரமே லைனிங்கையும் சிலிண்டர்களையும் பார்த்துவிட்டால், சாமான் வாங்கவோ மெக்கானிக்கிடம் கொடுக்கவோ போதிய அவகாசம் இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் கழிந்து மார்கழியில் திரவத்தை மாற்றுவது நல்லது. தை பிறந்துவிட்டால் நத்தம் சாலையில் இரவெல்லாம் ஆள் நடமாட்டம்.