மருந்து மரமும் மருந்து விலையும்

தீர்க்கும் வழி அறியப்படாத நோயால் நேரும் இறப்பை ஊழ் எனலாம். வழி அறியப்பட்ட பின்னும் மருந்து எட்டாமையால் நேரும் இறப்பு அத்தகையதன்று; அங்கு அறவினா எழுகின்றது.

எய்ட்ஸ் மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1996இல் மூன்று மருந்துகளை ஒருங்கே வழங்கும் கூட்டுச் சிகிச்சை வந்தபின் செல்வ நாடுகளில் இந்நோயால் நேர்ந்த இறப்புகள் விரைந்து குறைந்தன. ஒருவருக்கான ஓராண்டு மருந்தின் விலையோ 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்க நாடுகளில் இறப்புகள் மேலும் பல ஆண்டுகள் பெருகின.

காப்புரிமையே புதிய ஆய்வுக்கு ஊக்கமளிக்கின்றது என்பர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், வாங்கவே இயலாதவர்க்கு மருந்தை மறுப்பதால் ஆய்வுக்குப் பொருள் சேர்வதில்லை.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 2005இல் திருத்தப்படும் வரை, மருந்துக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கே உரிமை வழங்கியது. அதனால், 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 டாலர் விலையில் மும்மருந்துக் கூட்டை வழங்க முன்வர முடிந்தது.

ஒப்புரவாளனின் செல்வத்தைத் தப்பாத மருந்து மரத்தோடு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். எய்தற்கரிய இடத்தில் நிற்றல், மறைந்து நிற்றல், காலத்தால் வேறுபடுதல் ஆகியவற்றால் பயன்படாது போதலே தப்புதல் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். எட்டாத விலையும் காலத்தாழ்வும் அத்தகைய தப்புதல்களே.

உலகின் சராசரி ஆயுள் உயர்வது முன்னேற்றமே. ஆயினும், மருந்து கண்டறியப்பட்ட நாளுக்கும் அது ஏழையை அடைந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்தையும் கருதியே அம்முன்னேற்றத்தை மதிப்பிடல் வேண்டும்.