இடுகாட்டை அகழ்தல் அறமாமோ?

உயிர் அறிவுடைப்பொருள், உடம்பு அறிவில்லாத சடப்பொருள். மாயையினின்றும் இறைவன் கூட்டிய உடம்பை, அதற்குரிய வினை நுகர்ந்து முடிந்தவழி உயிர் விட்டு நீங்கும். இது சைவசித்தாந்தம் துணிந்த முடிபு. இதனைக் கொண்டு ஒரு வினா எழுகின்றது. உயிர் நீங்கிய உடம்பு மண்ணும் கல்லும் போல்வதாயின், பன்னூறாண்டின் முன்னர்ப் புதைத்த உடம்புகளை அகழ்ந்தெடுத்து ஆராய்வதிற் குற்றம் உண்டோ, இல்லையோ என்பதே அது. நிகழ்ந்ததொன்றை முன்வைத்து இதனை ஆராய்தல் தெளிவு பயக்கும்.

எகிப்து நாட்டிற் பையூம் என்னும் வளமிக்க நிலப்பகுதியின் கீழ்பால், பாலை தொடங்குமிடத்தே பாக் எல்-காமூஸ் என்னும் இடுகாடு உளது. உரோமர் ஆட்சியிலும் அதன்பின் பைசாந்தியர் ஆட்சியிலும் அயலூர்களில் வாழ்ந்த பொதுமக்கள் ஆண்டுப் புதைக்கப்பட்டனர். அமெரிக்க நாட்டுப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 1981-ஆம் ஆண்டில் அதனை அகழத் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட உடம்புகளைக் கண்டனர். அவை அரசர் உடம்பு போல அரும்பொருள் செலவிட்டுப் பதப்படுத்தப்பட்டன அல்ல. மணலின் வறட்சியால் தாமே உலர்ந்து நின்றன. பெரும்பாலானவற்றிற்குப் பெட்டி இல்லை. உடன்வைத்த பொருளும் அரிது. ஆளிநார்த் துகிலாற் சுற்றி, நாடாவாற் கட்டி, ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துள்ளனர். கீழடுக்கிற் கிடந்தார்க்குத் தலை கிழக்கு. மேலடுக்கிற் கிடந்தார்க்குத் தலை மேற்கு. மேற்கே தலைவைத்தவர் எழுந்தாற் கிழக்கு நோக்குவர் ஆதலின், இம்மாற்றம் கிறித்தவ சமயம் பரவியதன் அறிகுறி என அகழ்ந்தோர் கருதினர். ஆண்டுக் கிடந்தாருள் ஒன்றரை வயதளவான ஒரு பெண்குழவியும் உண்டு. அதற்கு ஆடை உடுத்துக் கழுத்தணியும் கைவளைகளும் பூட்டியிருந்தனர்.

இனி, "உடம்பு சடமாதலின் அதனை எடுப்பினும் சிதைப்பினும் யார்க்கும் தீங்கில்லை" என்பர் ஒருசாரார். "புதைத்ததை எக்காலத்தும் தீண்டலாகாது, அம்மக்கள் கருத்தும் அதுவே. அவர்தம் பேரரசில் ஜஸ்டீனியன் மன்னன் 533-ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத்தொகுப்பிற் கல்லறை சிதைத்தற் குற்றத்திற்கெனத் தனித்தலைப்பே உண்டன்றோ?" என்பர் மற்றொருசாரார்.

முன்னையோர் கூற்றுப் பொருந்தாது. என்னையெனின், ஏடும் சடமே. ஆயினும் அதனைக் கொண்டு நூல் பயின்றவன் அதனைக் காலால் மிதியான். உடம்பும் அன்னதே. ஆணவ மறைப்பிற் கிடந்த உயிர் அறிவு விளங்கப்பெறுதற்கு இறைவன் அருளிய கருவி அது. கருவியின் பயன் முடிந்தமையால் அதன் பெருமை முடிந்ததாகாது. அன்றியும், குழவிக்கு வளை பூட்டிய கைகளின் அன்பு சடமன்று. அவ்வன்பை எள்ளுவது உயிர்க்குச் செய்யும் இழிவேயாம்.

பின்னையோர் கூற்று ஒருபுடை பொருந்துவதே. ஆயினும் அச்சட்டம் விலக்கியது கல்லறையைச் சிதைப்பாரையும் கொள்ளையிடுவாரையுமே. அறிதற்பொருட்டுப் பேணி எடுப்போரை அவரோடு ஒப்பவைத்து எண்ணுதல் கூடாது. மேலும், அரசர் வரலாற்றைக் கல்வெட்டும் காவியமும் கூறும். ஊர்ப்புற ஏழையர் எதனை உடுத்தார், எந்நோயால் வருந்தினார், எத்துணை ஆண்டு வாழ்ந்தார் என்பவற்றைக் கூறவல்லன பெரும்பாலும் அவர் உடம்புகளே. அவரை முற்றும் மறத்தலும் ஒருவகை அவமதிப்பேயாகும்.

ஆகவே, அகழ்தல் அறமாவதும் மறமாவதும் அகழ்வான் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியன. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்மில்லியன் நகரிற் கூடிய உலகத் தொல்லியல் பேரவையார், இனம் சமயம் நாடு என்னும் வேறுபாடின்றி இறந்தார் உடம்பை மதித்தல் வேண்டும் எனவும், அவர்தம் விருப்பம் அறியப்படுமாயின் அதனையும், அவ்விடத்து மக்கள் விருப்பத்தையும், ஆராய்ச்சியின் பயனையும் மதித்தல் வேண்டும் எனவும் முடிவு செய்தனர். ஆராய்வோர் தாமே தமக்கு இட்டுக்கொண்ட இவ்வரம்பு போற்றத்தக்கது.

வரம்பு நெகிழுமிடமும் உண்டு. மேற்கூறிய இடுகாட்டிற் பத்து இலட்சம் மம்மிகள் உள என்னும் மதிப்பீடு 2014-ஆம் ஆண்டின் இறுதியிற் செய்தித்தாள்கள் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. எகிப்தியத் தொல்பொருள் அமைச்சகம் அதனை மறுத்து, அகழ்தற்கு அளித்த இசைவையும் நிறுத்திற்று. அத்தொகை சரியோ தவறோ ஆகுக; அதனைக் கேட்டு வியந்தாருள் அக்குழவியை நினைந்தார் எத்துணையர்? இறந்தாரை எண்ணாக மட்டும் காணுமிடத்து, "யான் கண்டேன், எனது கண்டுபிடிப்பு" என்னும் செருக்கு எளிதிற் புகும். யான் எனது என்பவற்றை அறுத்தற்கு வந்த உடம்பே அவற்றை வளர்த்தற்குக் கருவியாதல் இரங்கத்தக்கதன்றோ?

ஆதலின், வேண்டுமளவே அகழ்க. கண்டதைக் கண்டவாறே உரைக்க. ஆராய்ச்சி முடிந்தபின் அவ்வுடம்புகளைச் சிறப்போடு மண்ணிடை மீள வைக்க. துகில் சுற்றிய கைகளுக்கு இருந்த அன்பு, அதனை அவிழ்க்கும் கைகளுக்கும் வேண்டும். அஃதில்லையாயின் அகழாது விடுதலே அறமாம் என்க.