குறைத்த விலையும் கூட்டிய விலையும்

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்ததும் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத்! ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். கடையில் நிற்கும் பையன் என்னைக் கேட்காமல் ஒரு சேலையில் 300 ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டான். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?" என்றார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பில் போடும் கம்ப்யூட்டரில் விலையை மாற்றினால், மாற்றியவர் பெயர், நேரம், பழைய விலை, புதிய விலை எல்லாம் பதிவாகிவிடுமாம். இரவில் கடை அடைத்ததும் அந்தப் பட்டியலைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"கூட்டி விற்றதும் அதில் இருக்குமா?" என்றேன்.

சற்றுத் தயங்கினார். "இருக்கும். போன வாரம் கல்யாணச் சேலை எடுக்க வந்த வெளியூர்க்காரரிடம் அதே பையன் 500 ரூபாய் கூடுதலாக வாங்கிக் கல்லாவில் சேர்த்தான்."

"அதற்கு அவனை என்ன கேட்டீர்கள்?"

அவர் பதில் சொல்லவில்லை.

அருமைச் சகோதரர்களே! முதலாளி தம் ஆட்களைக் கண்காணிக்கலாமா என்பது ஒரு கேள்வி. எதற்காகக் கண்காணிக்கிறார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

முதல் கேள்விக்கு விடை தெளிவானது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் தடுக்கிறது. ஆனால் கணக்குக் கேட்பது துருவுவதாகாது. பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா (ரலி) திரும்பி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 'அல்பகரா'வின் நீண்ட வசனம், பிற்பாடு சந்தேகம் எழாமல் இருக்க அதுவே வழி என்று காரணமும் காட்டுகிறது. ஆக, எல்லோரும் அறிய வைக்கும் பதிவு முதலாளியின் பொருளைக் காக்கிறது. சிப்பந்தியின் மானத்தையும் காக்கிறது. பொய்யான வாடிக்கைக்காரரை அனுப்பி ஆசை காட்டிச் சிக்கவைப்பது அப்படியல்ல. அது இல்லாத குற்றத்தைத் தேடி உண்டாக்குவது.

சிப்பந்தியின் கடமையும் தெளிவானது. அவர் முதலாளியின் பிரதிநிதி. கடைச் சரக்கு அவர் கையில் அமானத். இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லியிருக்க, உறவினருக்காகக் குறைத்தால் அது கியானத். கூடுதலாக வந்த பணமும் அவருடையதன்று. ஓர் ஆடு வாங்கி வர நபி (ஸல்) அவர்கள் உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அதில் இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள்.

நான் அன்பரிடம், "இவ்வளவுக்குமேல் குறைக்காதே என்று சொல்லியிருந்தீர்களா?" என்றேன். "ஆளைப் பார்த்துக் குறைத்துக்கொடு என்றுதான் சொன்னேன்" என்றார். அப்படியானால் வழக்கமான அளவில் குறைத்ததற்குக் கூலியைப் பிடிப்பது அநியாயம். எல்லையைக் காட்டாதவர், எல்லை மீறினாய் என்று எப்படிச் சொல்வார்?

இனி அந்த 500 ரூபாய். கொள்முதல் விலையே இவ்வளவு என்று பொய் சொல்லித்தான் பையன் விற்றிருக்கிறான். "வாங்கியவர் சந்தோஷமாகத்தானே போனார்?" என்றார் அன்பர்.

இதே வார்த்தையை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். பஸராவில் துணி வியாபாரம் செய்த யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) தொழப் போயிருந்தபோது, கடையிலிருந்த அவருடைய சகோதரர் மகன் 200 திர்ஹம் பெறும் ஆடையை ஒரு கிராமத்து அரபிக்கு 400 திர்ஹத்துக்கு விற்றுவிட்டார். வழியில் அவரைக் கண்ட யூனுஸ் விலையைக் கேட்டறிந்து, அவர் வேண்டாமென்றும் விடாமல் கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் மனம் ஒப்பித்தானே வாங்கினார் என்றார் வாலிபர். உனக்கு நீ விரும்புவதை அவருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று யூனுஸ் கண்டித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் இதை எழுதுகிறார்கள்.

அந்தப் பெரியவரும் சிப்பந்தியைக் கண்காணித்தவர்தாம். ஆனால் தம் கல்லாவுக்காக அல்ல. பிறர் ஹக்கு தம் கல்லாவில் தங்கிவிடக் கூடாதே என்பதற்காக. நம் கடைகளில் குறைத்தவன் மாட்டிக்கொள்கிறான், கூட்டியவன் கெட்டிக்காரனாகிறான். குறைத்ததால் முதலாளிக்குப் போவது பணம். பொய் சொல்லிக் கூட்டியதால் போவது அவருடைய ஆகிரத். இதைப் பார்த்து நிற்கும் பையன் என்ன படிப்பான்? முதலாளிக்கு வேண்டியது நேர்மையல்ல, லாபம்தான் என்று படிப்பான். நாளைக்கு அதே கெட்டிக்காரத்தனத்தை முதலாளியிடமே காட்டுவான்.

பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து அந்த வெளியூர்க்காரருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பியதாகப் பின்னர் அன்பர் சொன்னார். பையனுக்கும் எவ்வளவு குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "ஹஜ்ரத்! இப்போது பட்டியலை இரண்டு பக்கமும் பார்க்கிறேன்" என்றார்.

இன்றிரவு கல்லாவை எண்ணும்போது, வராத பணத்தை மட்டுமல்ல, வரக்கூடாத பணத்தையும் தேடுவோமாக! வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.