பாரணை இல்லாத விரதம்

நோன்பு என்பது நம் வாழ்வில் பழகிப்போன ஒன்று. ஏகாதசியன்று உண்ணாதிருப்பவர்க்கு மறுநாள் துவாதசிப் பாரணை காத்திருக்கிறது. சபரிமலைக்கு மாலையிட்டவர் 41 நாள் விரதம் காக்கிறார். இசுலாமியரின் ரமலான் நோன்பு ஒரு திங்களில் நிறைவுறுகிறது. கிறித்தவரின் தவக்காலம் 40 நாள் நோன்புக்குப்பின் உயிர்த்தெழுதல் பெருவிழாவை எட்டுகிறது. சித்த மருத்துவர் விதிக்கும் பத்தியமும் ஒரு மண்டலம், இரு மண்டலம் என்று கணக்கிட்டே சொல்லப்படும். புளியைத் தள்ளி, எண்ணெயைத் தள்ளி, நாவை அடக்கி இருப்பவர் நாள்காட்டியைப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம். எத்துணைக் கடுமையான நோன்பாயினும் மனிதன் அதனைத் தாங்கிக்கொள்வதற்குக் காரணம், அதற்கு ஒரு முடிவு இருப்பதே.

முடிவே இல்லாத நோன்பை ஒருவர்மீது சுமத்தினால் என்னாகும்? நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் முதலிய நெடுநோய்களுக்கு ஆட்பட்டோர் ஏற்றிருப்பது அத்தகைய நோன்பைத்தான். "இன்னும் எத்தனை நாள், டாக்டர்?" என்று அவர்கள் கேட்டால், "ஆயுள் முழுவதும்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. சில ஆண்டுகள் ஊக்கத்துடன் விதிகளைக் காத்தவருக்கும் ஒருநாள் மாத்திரையை எடுக்கும் கை தயங்குகிறது. நோயைவிட நோய்க்குச் செய்யும் மருத்துவமே பெருஞ்சுமையாகத் தோன்றுகிறது. இதனைச் சிகிச்சைச் சோர்வு எனலாம். இச்சோர்வு ஒரு குற்றமா? குற்றமாயின், அது யாருடைய குற்றம்? இவ்வினாவைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் சுமையின் அளவை அறிதல் வேண்டும். 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோரின் ஆய்வால் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 சனவரியில் அம்மருந்தை முதன்முதலாகப் பெற்றவன் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன். இறப்பின் விளிம்பில் கிடந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். அம்மருந்து உயிரைத் தந்தது. கூடவே ஊசியையும் தந்தது. நாளொன்றுக்கு இருமுறை ஊசி எனக் கொண்டால் ஆண்டுக்கு 730. முப்பது ஆண்டுகளில் 21,900.

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க குழாயமைப்பு ஒன்றை உருவாக்கினார். அதன் பின்னரே, சிறுநீரகம் முற்றிலும் பழுதுற்றவரும் இரத்தச் சுத்திகரிப்பின் துணையால் ஆண்டுக்கணக்கில் வாழும் நிலை வந்தது. அவ்வாறு முதலில் வாழ்ந்து காட்டிய கிளைடு ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் உயிரோடிருந்தார். இன்று வழக்கமான முறைப்படி வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இச்சுத்திகரிப்பு நடைபெறுகிறது. ஆண்டொன்றுக்கு 624 மணி, அதாவது இரவும் பகலுமாக 26 நாட்கள், ஒருவர் ஊசியும் குழாயுமாகக் கட்டுண்டிருக்கிறார். போகவர ஆகும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. இதற்கு மேல், பருகும் நீரையும் அளந்தே பருக வேண்டும். தில்லியின் மே மாத வெயிலிலும் அளந்தே பருக வேண்டும்.

அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஈட்டிய விடுப்பு உண்டு. வயது வந்தால் ஓய்வும் உண்டு. நெடுநோயாளி பார்க்கும் இவ்வேலைக்கு விடுப்பில்லை, ஊதியமில்லை, ஓய்வுமில்லை. நன்றாகச் செய்ததற்கு நற்சான்றும் கிடைப்பதில்லை. ஊசி போட்ட நாளெல்லாம் ஒன்றும் நேராதிருத்தலே அதன் பயன். ஒன்றும் நேராமையை யார் கண்டு பாராட்டுவார்?

உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நெடுநோயாளருள் ஏறத்தாழப் பாதிப் பேர்தாம் சிகிச்சையை விதித்தவாறு கடைப்பிடிக்கின்றனர் என்று கூறிற்று. பலர் செய்வதனால் ஒரு பிழை சரியாகிவிடாது. எனினும், நடப்போரில் பாதிப் பேர் இடறும் இடத்தில் கால்களை மட்டும் குறை கூறாமல் பாதையையும் நோக்குவதே அறிவுடைமை.

இனி, மறுதரப்பின் கூற்றையும் கேட்போம். உடல் நமக்கே உரிய தனிச்சொத்தன்று. பெற்றோர் தந்தது, மனைவி மக்கள் நம்பியிருப்பது. குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிவரும் மருந்தை அலுப்பு என்று சொல்லி ஒதுக்குதல் நன்றி மறத்தல் ஆகாதா? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. இளமையில் வரும் நீரிழிவில் இன்சுலினை முற்றிலும் நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு இறுதி நேரலாம். காசநோய் மருந்தை இடையில் கைவிட்டால் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதனவாக வலுப்பெறலாம். அவை அண்டை வீட்டாரையும் தாக்கலாம். ஆதலின் மருந்தை விடுவது தன்னளவில் முடிந்துபோகும் செயலன்று.

ஆயினும் இங்கே மூன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, சலிப்பு, அது மனத்தில் எழும் உணர்ச்சி. இரண்டு, தவறவிடுதல், அது செயல். மூன்று, மறைத்தல், தவறவிட்டதை மருத்துவரிடமும் வீட்டாரிடமும் சொல்லாதிருத்தல். பசிப்பதும் உறக்கம் வருவதும் எவ்வாறு குற்றமாகாதோ, அவ்வாறே சலிப்பதும் குற்றமாகாது. தவறவிடுதல் திருத்தத்தக்கது. மூன்றாவதாகிய மறைத்தலே பெருந்தீங்கு விளைப்பது. மருந்து உண்ணாதவரை உண்டதாக எண்ணும் மருத்துவர், மருந்து பலிக்கவில்லை எனக் கருதி அளவைக் கூட்டுகிறார்; மேலும் ஒரு மருந்தைச் சேர்க்கிறார். சுமை தாளாதவரின் தலைமேல் இன்னொரு மூட்டை ஏறுகிறது.

நோயாளி ஏன் மறைக்கிறார்? சொன்னால் ஏச்சு விழும் என்னும் அச்சத்தால் மறைக்கிறார். எனவே, மறைத்தல் நோயாளியின் நாவில் நிகழினும், அதற்கு வித்திட்டவர் பலராக இருக்கக்கூடும். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறாக்கி முடிவதை நாம் அறிவோம். பொறுப்பும் அவ்வாறே நான்காகப் பகுக்கத்தக்கது. நாமோ நான்கையும் நோயாளி ஒருவர் தலையிலேயே ஏற்றிவிடுகிறோம்.

மருந்தை எடுத்துக்கொள்வோம். 2009இல் மே, மொன்டோரி, மேர் என்னும் மருத்துவ அறிஞர் மூவர், நோயாளியின் அன்றாட வாழ்வுக்கு மிகக் குறைந்த இடையூறு செய்யும் மருத்துவமே வேண்டும் என்று எழுதினர். காலை ஒன்று, நண்பகல் இரண்டு, இரவு மூன்று என்றிருக்கும் மாத்திரைகளுள் இன்றியமையாதவை எவை? இரண்டை ஒன்றாக்க இயலுமா? வெவ்வேறு நாட்களில் வரச்சொல்லும் பரிசோதனைகளை ஒரே நாளில் வைக்க இயலுமா? இவற்றை மருத்துவரிடம் கேட்பது அடக்கமின்மை ஆகாது. தாமே குறைத்துக்கொள்வது ஆபத்து. கேட்டுக் குறைப்பது உரிமை. சிகிச்சையிலிருந்து விடுப்பு எடுத்தல் வேறு, சிகிச்சைக்குள்ளேயே இளைப்பாற இடம் தேடுதல் வேறு. பின்னதே நாம் வேண்டுவது.

மருத்துவரின் பங்கு, சொல்லில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் மருத்துவ நூல்கள், மருந்தைத் தவறாது உண்பதைக் கீழ்ப்படிதல் என்றே குறித்தன. பின்னர் அச்சொல்லை நீக்கி, நோயாளியும் உடன்பட்டுக் கடைப்பிடித்தல் என்னும் பொருள்படும் சொல்லை ஆளலாயினர். கீழ்ப்படியாதவன் குற்றவாளி, கடைப்பிடிக்க இயலாதவனோ உதவி தேவைப்படுபவன். 1995இல் வில்லியம் பொலோன்ஸ்கி என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் நீரிழிவால் வரும் மனத்துயரை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். சர்க்கரையை அளப்பது போலவே சலிப்பையும் கேட்டறிய வேண்டும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் மருத்துவருக்கு "ஆம்" என்ற விடை எளிதில் கிடைத்துவிடும். "இதில் உங்களுக்கு எது மிகவும் கடினமாக இருக்கிறது?" என்று கேட்பவருக்கே உண்மை கிடைக்கும்.

இவ்விடத்தில் மொழி கடந்து வாழும் நம் குடும்பங்களுக்கென்று தனித்ததொரு சிக்கல் உண்டு. தந்தை மறைந்தபின் ஊரிலிருந்து தாயை அழைத்துவந்து நம்முடன் வைத்துக்கொள்கிறோம். அந்த அம்மையாருக்கு இந்தியோ வங்காளமோ மராத்தியோ தெரியாது. மருத்துவர் முன் மகனே மொழிபெயர்க்கிறான். முழங்கால் வலி என்றால் மொழிபெயர்க்கிறான். தலைசுற்றல் என்றால் மொழிபெயர்க்கிறான். "எனக்கு அலுத்துப் போச்சுப்பா, இந்த ஊசி வேண்டாம்" என்று அவர் சொல்லும்போது மட்டும், "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்று அவருக்குத் தமிழில் மறுமொழி கூறிவிட்டு, மருத்துவரிடம் வேறு எதையோ சொல்கிறான். அன்பினால்தான் அவ்வாறு செய்கிறான். ஆயினும் அம்மையார் சொன்னவற்றுள் மருத்துவர் அறிந்தே ஆகவேண்டிய செய்தி அதுவே. சலிப்பைச் சொல்லவும் ஒரு மொழி வேண்டும். அம்மொழியை அவருக்கு வழங்கும் இடத்தில் இருப்பவன் மகன். அதனைத் தடுக்கும் இடத்தில் இருப்பவனும் அவனே.

நான்காவது கூறு, உடனிருப்பவர். சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், 1959இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. காசநோயாளரை மருத்துவ விடுதியில் ஆண்டுக்கணக்கில் படுக்கவைக்க வேண்டியதில்லை. வறிய குடும்பத்தின் சிறு வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பயன் கிட்டும் என்று அது காட்டியது. அதே மையத்தின் பணியால் மற்றொன்றும் தெரியவந்தது. வீட்டிற்குக் கொடுத்தனுப்பிய மருந்து முழுவதும் உள்ளே செல்வதில்லை. அதற்கு மாற்றாக, கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் முறை வளர்ந்தது. வீடே மருத்துவமனையாகலாம் என்பதும், அங்கும் துணை ஒன்று வேண்டும் என்பதும் சென்னை கற்பித்த இரு பாடங்கள்.

துணை இருவகைப்படும். ஒன்று, காவலர், மற்றது, தோழர். "போட்டாயா? ஏன் போடவில்லை? அந்த லட்டைத் தொடாதே" என்று விருந்தினர் முன் அதட்டுவது காவல். தானும் அவ்வேளையில் இனிப்பை ஒதுக்கி உடனமர்வது தோழமை. மருந்துக் கடைக்குத் தான் சென்று வருவதும், அடுத்த பரிசோதனை நாளைத் தான் நினைவில் வைத்துக்கொள்வதும் தோழமை. காவலில் நோயாளியின் வேலை குறைவதில்லை. கண்காணிப்பு மட்டும் கூடுகிறது. தோழமையில் வேலை பங்கிடப்படுகிறது.

ஊரில் இருந்திருந்தால் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டார் எனப் பங்கிடப் பலர் இருந்திருப்பர். அயல் மாநிலத்தின் இரண்டறைக் குடியிருப்பில் பெரும்பாலும் ஒரே ஒருவர். அவர் மனைவியாகவோ மருமகளாகவோ இருக்கிறார். அவருக்கும் சலிக்கும். அவர் சலிப்பைக் கேட்பாரில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதும், "எல்லாரும் சௌக்கியம்" என்றே இருவரும் சொல்கின்றனர்.

இறுதியாக நோயாளியின் கடமை யாது? எப்போதும் முகமலர்ச்சியோடு இருப்பது அவர் கடமையாகாது. வீரனாகத் திகழ வேண்டுமென்று அவரை நாம் வற்புறுத்தலும் ஆகாது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே: மறையாதிருத்தல். "இந்த வாரம் மூன்று நாள் விட்டுவிட்டேன், என்னால் முடியவில்லை" என்று சொல்லும் துணிவு, ஊசியைக் குத்திக்கொள்ளும் துணிவினும் பெரிது.

குணமாகும் வழியற்ற இறுதிநிலையில், உயிரை நீட்டிக்க மட்டுமே உதவும் சிகிச்சை வேண்டா எனும் உரிமையை நம் உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. அது தெளிந்த மனத்தோடு, மருத்துவரும் சுற்றமும் அறிய எடுக்க வேண்டிய முடிவு. வாழ வழியிருக்கையில் ஓர் இரவின் அலுப்பு மனிதனுக்காக அம்முடிவை எடுத்துவிடலாகாது. சலிப்பை வெளியே சொன்னவர்க்கே இவ்விரண்டையும் பிரித்தறியத் துணை கிட்டும்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்புற நடத்துகின்றன. சுத்திகரிப்புக்குச் செல்லும் அன்பர் ஒருவருடன் வாரத்தில் ஒருநாள் ஓர் உறுப்பினர் சென்று நான்கு மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருத்தலும், மொழியறியா மூதாட்டியின் சொல்லை மருத்துவரிடம் மாற்றாமல் எடுத்துரைத்தலும் தமிழ்ப் பணியே ஆகும். அந்த நான்கு மணி நேரம் அவர் மனைவி வீட்டில் சற்றே உறங்கலாம். பாரணை இல்லாத விரதத்தை நம்மால் முடித்துவைக்க இயலாது. விரதம் காப்பவரோடு உடனமர இயலும்.