இலவச இருக்கையின் விலை

இலவசம் என்னும் சொல்லுக்கு மனித உள்ளத்தை மயக்கும் ஆற்றல் உண்டு. விலை கொடுத்து வாங்கும் பொருளை நாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். விலையின்றி வருவதையோ, தந்தவர் யார், எங்கிருந்து வந்தது என்று கேளாமலே பெற்றுக்கொள்கிறோம். அத்தகைய இலவசங்களுள் ஒன்று, நம் நடுத்தரக் குடும்பங்களின் வாசல்வரை இன்று வந்துள்ள விமான மைல் புள்ளிகள்.

1981-ஆம் ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தொடங்கிய திட்டம் இம்முறையை உலகெங்கும் பரவச் செய்தது. பறந்த தூரத்திற்கு ஏற்பப் புள்ளிகள். சேர்ந்த புள்ளிகளுக்கு ஈடாக ஒரு பயணம். பின்னர் வங்கிகளும் இதில் இணைந்தன. இன்று கடன் அட்டையைக் கொண்டு மளிகை வாங்கினாலும் புள்ளி சேர்கிறது. பொறுமையாகச் சேர்த்தவர், பல இலட்சம் ரூபாய் விலையுள்ள முதல் வகுப்பு இருக்கையில், வரியும் சில கட்டணங்களும் மட்டும் செலுத்தி, ஐரோப்பா சென்று வரலாம்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகளிலும் தோல் பதனிடும் சாலைகளிலும் நாகல் நகரின் தறிகளிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பலர், இன்று அலுவல் நிமித்தம் அயல்நாடுகளுக்குப் பறக்கிறார்கள். அவர்களுள் ஒரு மகன், தான் சேர்த்த புள்ளிகளைக் கொண்டு தன் தாயை லூர்து நகருக்கு முதல் வகுப்பில் அழைத்துச் செல்ல விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் முழுவதும் ஈரத்தரையில் நின்று உழைத்து முழங்கால் தேய்ந்த தாய் அவள். 'இதுக்கு யாருப்பா பணம் கட்டினது?' என்று அவள் கேட்டால், மகன் என்ன விடை கூறுவான்?

'என் நிறுவனம் கட்டியது' என்பது அவன் கூறக்கூடிய முதல் விடை. பயணச்சீட்டு நிறுவனத்தின் பணம் எனில், அதனால் விளைந்த புள்ளி யாருடையது? அரசுப் பணியாளரைப் பொறுத்தவரை இதில் ஐயத்திற்கு இடமில்லை. அலுவல் பயணத்தில் சேரும் புள்ளிகளை அலுவல் பயணத்திற்கே பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை வரும் என்று 2017-ஆம் ஆண்டு வெளியான நடுவண் அரசின் பயணப்படி விதிகள் கூறுகின்றன. செருமனியில் 2002-ஆம் ஆண்டு, பெர்லின் மாநிலத்தின் பொருளாதாரத் துறைப் பொறுப்பிலிருந்த கிரிகோர் கீசி, நாடாளுமன்றப் பணிப் பயணங்களில் கிடைத்த புள்ளிகளைத் தம் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தியதற்காகப் பதவி விலகினார். தொகை பெரிதன்று, ஆயினும் நம்பி ஒப்படைக்கப்பட்டது பிறர் பொருள். தனியார் நிறுவனங்கள் பல, புள்ளிகளைப் பணியாளருக்கே விட்டுவிடுகின்றன. அங்கே அவை ஊதியத்தின் ஒரு பகுதி போன்றவை. விட்டுவிட்டார்களா என்று வெளிப்படையாகக் கேட்டுத் தெளிவதே மனச்சான்றுக்கு அழகு.

'என் கடன் அட்டை தந்தது' என்பது இரண்டாவது விடை. இங்கேதான் நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். அட்டையை ஏற்கும் வணிகர், விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை வங்கிகளுக்குக் கட்டணமாகத் தருகிறார். புள்ளிகளுக்கான செலவில் ஒரு பங்கு அதிலிருந்தே பிறக்கிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய வணிகர் விலையைச் சற்று உயர்த்தினால், அந்த உயர்வு அட்டை வைத்திருப்பவருக்கு மட்டுமா? அதே கடையில் கசங்கிய நோட்டை நீட்டி அரிசி வாங்கும் கூலித்தொழிலாளியும் அதே விலையைத்தான் தருகிறார். அவருக்குப் புள்ளி ஏதுமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகச் செலுத்துவோரிடமிருந்து, 2020 சனவரி முதல் வணிகருக்கு இக்கட்டணச் சுமை இல்லை; ஆயினும் அவர்களும் அதே விலையையே தருகிறார்கள். இன்னொரு பங்கு, தவணை தவறி மாதம் மூன்று விழுக்காட்டிற்கும் மேல் வட்டி கட்டித் தவிப்போரிடமிருந்து வருகிறது. ஆக, உயரத்தில் விரிக்கப்படும் அந்த மெத்தையின் பஞ்சில், முகமறியாத ஏழைகளின் காசும் கலந்திருக்கிறது.

அப்படியானால் அந்தத் தாய் போகக் கூடாதா? போகலாம். வசதியான இருக்கை தன்னளவில் பாவமன்று. தேய்ந்த முழங்காலுக்குக் கால் நீட்டும் இடம் ஆடம்பரமும் அன்று. 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் நிறத்தின் பொருட்டு இறக்கிவிடப்பட்டார் காந்தியடிகள். அவ்விருக்கை அவருடைய உரிமை. அதை மறுத்தது அநீதி. அதே காந்தியடிகள் 1915-இல் தாயகம் திரும்பியபின், தாமே விரும்பி மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார். உரிமையை மறுக்கும் அநீதியை எதிர்க்கவும், எளியோரை அறிவதற்காக உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கவும் அறிந்த உள்ளம் அது.

தீங்கு இருக்கையில் இல்லை. 'இது என் திறமையால் வந்தது, யாருக்கும் நான் கடன்படவில்லை' என்னும் எண்ணத்திலேயே இருக்கிறது. பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவருக்குக் கால்மணையருகே இடமும் தரும் சபையைத் திருத்தூதர் யாக்கோபு கடிந்துகொண்டதும் இத்தகைய உள்ளத்தை முன்னிட்டே அன்றோ? பெற்றதை அறிந்தவன் பணிவான், அறியாதவன் தருக்குவான்.

கடையில் பொருள் வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிச் சென்று காசைத் திருப்பித் தர இயலாது. ஆனால் வேறு வழியில் தரலாம். சாதாரண வகுப்பில் சென்றிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்குமோ, அதில் ஒரு பங்கை, புள்ளிகளே சேராத ஒரு வீட்டின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமாகவோ, ஒரு முதியவரின் மருந்துச் செலவாகவோ செலுத்தலாம். தெருமுனைச் சிறு கடையில் அட்டையை நீட்டாமல் ரொக்கமாகவே கொடுக்கலாம். இவை தருமம் அல்ல, கடன் தீர்த்தல். இலவசமாக ஒன்று கைக்கு வரும்போதெல்லாம், இதற்கு விலை கொடுத்தவர் யார் என்று ஒரு கணம் நின்று கேட்போம். விடை கிடைத்தபின், அவருக்கு நாம் பட்ட கடனையும் மறவாமல் தீர்ப்போம்.