தோற்றவனைத் தோளில் சுமந்தவர்கள்

போட்டியில் வென்றவனுக்குத் தோற்றவனிடம் ஏதேனும் கடமை உண்டா? "வென்றான், அதோடு சரி, அதற்கு மேல் என்ன?" என்று கேட்பவர் பலர். அயர்லாந்து தேசத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இக்கேள்வியைச் சற்றே ஆராய்வோம்.

அந்நாட்டில் ஹர்லிங் என்றொரு புராதன விளையாட்டு உண்டு. பக்கத்துக்கு 15 பேர் நின்று, வளைந்த மர மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடுவார்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சொந்த ஜில்லாவின் மானமே பெரிது. 1920-ல் கார்க் ஜில்லாவில் கிளாயின் என்ற ஊரில் பிறந்த கிறிஸ்டி ரிங் இவ்விளையாட்டில் பெருங்கீர்த்தி பெற்றவர். எண்ணெய் லாரி ஓட்டிப் பிழைத்த எளியவர். 1941 முதல் 1954 வரை 8 முறை அகில அயர்லாந்துப் பதக்கம் பெற்றார். அதற்குமுன் எவரும் அத்தனை பெற்றதில்லை. எட்டாவது பதக்கம் வெக்ஸ்போர்டு ஜில்லாவைத் தோற்கடித்துப் பெற்றது என்பதை மனதில் வையுங்கள்.

1956 செப்டம்பர் 23. டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் 80,000-க்கு மேற்பட்ட ஜனங்கள். மீண்டும் அதே கார்க். எதிரே அதே வெக்ஸ்போர்டு. ஒன்பதாவது பதக்கத்தை நாடி நின்றார் ரிங். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் கோலை நோக்கிப் பந்தை ஓங்கி அடித்தார். கோல் காத்து நின்ற ஆர்ட் ஃபோலி அதைத் தடுத்துவிட்டார். ரிங் என்ன செய்தார்? ஓடிச்சென்று ஃபோலியின் கையைப் பற்றிக் குலுக்கினார்! முடிவில் வெக்ஸ்போர்டு 2 கோலும் 14 புள்ளியும் பெற்று வென்றது. கார்க் பெற்றது 2 கோலும் 8 புள்ளியும். ஆட்டம் முடிந்ததும், வென்ற அணியின் நிக் ஓடானலும் பாபி ராக்கர்டும் தோற்ற ரிங்கைத் தங்கள் தோளில் தூக்கிச் சுமந்தார்கள்.

"வென்றவனுக்குத் தாராள மனம் சுலபமாக வரும், வயிறு நிறைந்தவன் சோறு பகிர்வது போலத்தானே?" என ஒருவர் ஆட்சேபிக்கலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வயிறு நிறைந்த எல்லாரும் பகிர்ந்துவிடுகிறார்களா? 1954-ல் தங்களைத் தோற்கடித்த மனிதரையே அவர்கள் சுமந்தார்கள். பழைய காயத்தை மறந்தாலன்றி அது கூடுமோ? ரிங்கின் செய்கையோ இன்னும் அரியது. நெடுநாள் ஆசை கண்ணெதிரே நழுவிய அந்தக் கணத்திலேயே மாற்றானின் திறமையை மெச்சினார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மரியாதையின் பேரால் எவரும் ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ரிங் முழுப் பலத்தோடு அடித்தார். ஃபோலி முழுப் பலத்தோடு தடுத்தார். ஆகவே எதிரியை மதிப்பது என்பது நம் முயற்சியைக் குறைப்பதன்று. முயற்சி முடிந்தபின் பகையை மிச்சம் வைக்காதிருப்பதே அது. வழக்கிலும் தேர்தலிலும் பரீட்சையிலும் நாம் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அன்றோ? வெற்றி ஒருநாளில் முடிந்துபோகிறது. தோற்றவனை ஏளனம் செய்த சொல்லோ தலைமுறைக்கும் நின்று வீடுகளைப் பிரிக்கிறது.

ரிங் 1979-ல் காலமானார். ஒன்பதாவது பதக்கம் கடைசிவரை கிட்டவில்லை. ஆயினும் அவர் தோற்ற அந்த நாளை இன்றும் மதிப்போடு நினைவுகூர்கிறார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பந்தயம் முடிந்து வீடு திரும்பும்போது "வென்றாயா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "எதிரே ஆடியவன் கையைப் பற்றிக் குலுக்கினாயா?" என்றும் கேளுங்கள்.